கொழும்பில் இருந்தபடி கனேடிய நிரந்தர வதிவிடச் சான்றை மீளப் பெறுதல்: ஆவணங்களைத் திரட்டும் முழுமையான வழிகாட்டி

அம்மாவின் சத்திரசிகிச்சைக்கென்று ஒரு மாதத்துக்கு வந்தவர்கள் எட்டு மாதம் நின்றுவிடுகிறார்கள். இடையில் பி.ஆர். (நிரந்தர வதிவிட) அட்டையின் திகதி முடிந்துவிடுகிறது. வேறு சிலருக்கு அட்டை இருந்த கைப்பையே பஸ்ஸில் போய்விடுகிறது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இப்படி மாட்டிக்கொண்ட உறவினர்கள், தெரிந்தவர்கள் பலரின் கோப்புகளை உடனிருந்து அடுக்கிக் கொடுத்திருக்கிறேன். தடுமாறும் இடம் அநேகமாக எல்லோருக்கும் ஒன்றுதான்: முதல் நாளே ஸ்டூடியோவுக்குப் போய்ப் படம் எடுப்பார்கள், மறுநாள் படிவத்தை நிரப்பத் தொடங்குவார்கள். படிவம் கனடாவுக்கு வெளியே இருந்த நாட்களைக் கேட்கும். உத்தேசமாக ஒன்றை எழுதுவார்கள். பிறகு கிடைக்கும் ஆவணங்கள் அந்த உத்தேசத்தோடு ஒத்துப்போகாது.

ஆகவே இங்கே சொல்லும் ஒழுங்கு தலைகீழானது. நாட்கள் முதலில், சான்றுகள் அடுத்து, படிவம் கிட்டத்தட்டக் கடைசியில்.

1. அட்டை வேறு, அந்தஸ்து வேறு

அட்டையின் திகதி முடிந்தால் நிரந்தர வதிவிட அந்தஸ்தும் முடிந்துவிட்டது என்று பயந்துகொண்டு வருகிறவர்களே அதிகம். அப்படி இல்லை. நீங்களாகத் துறந்தால், கனேடியப் பிரஜையானால், நாடுகடத்தல் உத்தரவு நடைமுறைக்கு வந்தால், அல்லது வதிவிடக் கடப்பாட்டை (ஐந்து வருடத்தில் குறைந்தது 730 நாட்கள் கனடாவில் இருக்க வேண்டும் என்ற விதியை) நிறைவேற்றவில்லை என்ற தீர்மானம் மேன்முறையீட்டு வாய்ப்பும் முடிந்து இறுதியானால்தான் அந்தஸ்து போகும். அகதியாக ஏற்கப்பட்டவர்களுக்கு மட்டும், இரண்டாம் பகுதியில் சொல்லும் இன்னொரு வழியிலும் போகலாம். அட்டை அந்த அந்தஸ்தைக் காட்டும் ஒரு பிளாஸ்டிக் துண்டு மட்டுமே.

ஆனால் அந்தத் துண்டு இல்லாமல் கட்டுநாயக்கவில் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். புதிய அட்டைக்குக் கனடாவுக்குள் இருந்துதான் விண்ணப்பிக்க வேண்டும். வெளிநாட்டு முகவரிக்கு அட்டையை அனுப்பவும் மாட்டார்கள். எனவே வேலை இரண்டு கட்டமாக நடக்கும். கொழும்பில் இருந்து நிரந்தர வதிவாளர் பயணப் பத்திரத்துக்கு விண்ணப்பிக்கிறீர்கள். அது கடவுச்சீட்டில் ஒட்டப்படும் ஒரு சிட்டை. அதைக் காட்டிக் கனடா போய் இறங்கிய பின் புதிய அட்டைக்கு விண்ணப்பிக்கிறீர்கள். இரண்டுக்கும் பெரும்பாலும் அதே ஆவணங்கள்தான் வேண்டும் என்பதால் ஒரே தடவையில் திரட்டிவிடலாம்.

இந்த இடத்திலேயே இரண்டு குறுக்கு வழிகளை யாராவது சொல்லித் தருவார்கள். ஒன்று, ரொறன்ரோவில் இருக்கும் தம்பியின் முகவரியைப் போட்டு, நீங்கள் அங்கே இருப்பதாகக் காட்டிப் புதிய அட்டைக்கு விண்ணப்பிப்பது. இது பொய்த் தகவல். பிடிபட்டால் அந்தஸ்தையே இழந்து, ஐந்து வருடம் கனடாவுக்குள் நுழையத் தடையும் வரலாம். மற்றது, வருகை விசாவுக்கு விண்ணப்பிப்பது. நிரந்தர வதிவாளருக்கு வருகை விசா கொடுக்க மாட்டார்கள். முதலில் அந்தஸ்தைத் துறக்கச் சொல்வார்கள். மகளின் திருமணத்துக்குப் போகும் அவசரத்தில், எதில் கையெழுத்திடுகிறோம் என்று தெரியாமல் துறந்துவிட்டு வந்தவர்கள் உண்டு. இனி அங்கே வாழப்போவதில்லை என்று யோசித்து முடிவெடுத்த முதியவர்களுக்கு அது பொருத்தமாக இருக்கலாம். யோசிக்காமல் செய்யக்கூடாது.

2. அகதியாக ஏற்கப்பட்டுப் பி.ஆர். பெற்றவர்கள் இங்கே நில்லுங்கள்

இந்தப் பகுதி எல்லோருக்கும் உரியதல்ல. ஆனால் உரியவர்களுக்கு இதைவிட முக்கியமானது வேறு இல்லை.

கனடாவில் அகதிப் பாதுகாப்புப் பெற்று, அதன் வழியாக நிரந்தர வதிவாளரானவர், பிறகு இலங்கைக் கடவுச்சீட்டை எடுத்து அதிலேயே இலங்கைக்கு வந்திருந்தால், தான் தப்பி ஓடிய நாட்டின் பாதுகாப்பை மீண்டும் நாடியதாகக் கனேடிய அரசு வாதிடலாம். 2012 டிசம்பர் 15 முதல் நடைமுறையில் உள்ள சட்டத்தின்படி, அவ்வாறு அகதி அந்தஸ்து முடிவுறுத்தப்பட்டால் நிரந்தர வதிவிடமும் சேர்ந்தே போகும். 730 நாட்களுக்கு மேல் கனடாவில் இருந்திருந்தாலும் இது பொருந்தும்.

பயணப் பத்திர விண்ணப்பத்தில் கடவுச்சீட்டுப் பக்கங்கள் எல்லாவற்றையும் நீங்களே கையில் கொடுக்கிறீர்கள். ஆகவே விண்ணப்பிக்கும் முன்பே கனடாவில் உள்ள குடிவரவுச் சட்டத்தரணி ஒருவருடன் பேசுங்கள். ஏன் வந்தீர்கள், எத்தனை காலம் நின்றீர்கள் என்பதற்கான ஆதாரங்களும் அந்தப் பேச்சுக்குத் தேவைப்படும். குடும்ப அனுசரணையிலோ தொழில்திறன் பிரிவிலோ போனவர்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை.

3. கடவுச்சீட்டுகள் எல்லாவற்றையும் மேசையில் வையுங்கள்

பயணப் பத்திரம் ஒட்டப்படுவது கடவுச்சீட்டில். அது செல்லுபடியாக இருக்க வேண்டும். முடிந்திருந்தாலோ முடியும் தறுவாயில் இருந்தாலோ பத்தரமுல்ல சுஹுருபாயவில் அதைப் புதுப்பிக்கும் வேலையை இன்றே தொடங்குங்கள். மற்ற எல்லாம் அதற்காகக் காத்திருக்கும்.

பழையதைத் தூக்கிப் போடாதீர்கள். கடந்த ஐந்து வருடத்தில் பாவித்த ஒவ்வொரு கடவுச்சீட்டும் வேண்டும். ரத்துச் செய்து திருப்பித் தரப்பட்ட பழையதில்தான் தேவையான முத்திரைகள் இருக்கும். முத்திரை குத்திய பக்கங்களை மட்டும் பிரதி எடுப்பது வழக்கமான பிழை. வெறும் பக்கத்தையும் சேர்த்து எல்லாப் பக்கங்களையும் எடுங்கள். விட்டுப்போன பக்கத்தில் என்ன இருந்தது என்று அதிகாரி யோசிக்கத் தொடங்கினால், அந்தச் சந்தேகம் மற்ற ஆவணங்களுக்கும் பரவும்.

கடவுச்சீட்டோடு உங்கள் நிரந்தர வதிவிடத்தை உறுதிப்படுத்தும் ஒரு தாளும் வேண்டும்: பழைய அட்டையின் இரு பக்கப் பிரதி, அல்லது முதல் தடவை போய் இறங்கிய நாளில் கையெழுத்திட்டுத் தந்த நிரந்தர வதிவிட உறுதிப்பத்திரம். 2002க்கு முன் போனவர்களிடம் அதற்குப் பதிலாக ஐஎம்எம் 1000 என்ற இலக்கமிட்ட தாள் இருக்கும். ஸ்காபரோ வீட்டின் ஏதோ ஒரு லாச்சியில் கிடக்கும் அந்தத் தாளைத் தேடிப் படம் எடுத்து அனுப்பும்படி இன்றே சொல்லிவிடுங்கள்.

4. நாட்களை எண்ணுங்கள்

விதி சுருக்கமானது: ஐந்து வருடத்தில் குறைந்தது 730 நாட்கள் கனடாவில் இருந்திருக்க வேண்டும். தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை. அதை எண்ணும்போதுதான் குழப்பம் வருகிறது.

எந்த ஐந்து வருடம் என்பதை முதலில் பாருங்கள். நிரந்தர வதிவாளராகி ஐந்து வருடத்துக்கு மேலானவருக்கு, விண்ணப்பத் திகதியிலிருந்து பின்னோக்கி ஐந்து வருடம் மட்டுமே கணக்கு. அதற்கு முன் இருபது வருடம் அங்கே வரி கட்டியிருந்தாலும் இந்தக் கூட்டலில் அது சேராது. ஐந்து வருடம் ஆகாதவருக்கு, போய் இறங்கிய நாளிலிருந்து ஐந்தாவது ஆண்டு நிறைவதற்குள் 730ஐ எட்ட முடியுமா என்று பார்ப்பார்கள். மூன்றரை வருடத்துக்கு முன் இறங்கி 200 நாட்கள் மட்டும் அங்கே இருந்தவருக்கு இன்னும் ஒன்றரை வருடம், ஏறக்குறைய 547 நாட்கள் மீதி இருக்கின்றன. கூட்டினால் 747. இவர் தப்பிக்கொள்வார், ஆனால் இனி இங்கே இழுத்தடிக்க இடமில்லை.

பழைய வதிவாளர்கள் கவனிக்காத ஒன்று, அந்த ஐந்து வருடம் நாளுக்கு நாள் நகர்ந்துகொண்டே இருக்கிறது என்பது. நீங்கள் கொழும்பில் கழிக்கும் ஒவ்வொரு நாளும் பின்னாலிருந்து ஒரு நாள் கழன்று விழுகிறது. கழன்ற நாளில் நீங்கள் கனடாவில் இருந்திருந்தால் கூட்டுத்தொகையில் ஒன்று குறையும். இன்று 735 வைத்திருப்பவர் ஒரு வாரம் தாமதித்தாலே 728க்கு இறங்கிவிடலாம். ஆகவே எண்ணி முடித்ததும் கூட்டுத்தொகை 730க்கு மிக அருகில் இருந்தால், மற்ற எல்லாவற்றையும்விட வேகம் முக்கியம். தாராளமாக இருந்தால் சான்றுகளை ஆறுதலாகச் சேர்க்கலாம்.

அடுத்தது நாளின் எல்லை. கனடாவில் ஒரு நாளின் ஒரு பகுதி இருந்தாலும் முழு நாளாக எண்ணலாம். புறப்பட்ட நாளும் போய் இறங்கிய நாளும் கனேடிய நாட்களே. உதாரணமாக ஒருவர் மார்ச் 12 ரொறன்ரோவில் விமானம் ஏறி, டோஹா வழியாக 14ஆம் திகதி கட்டுநாயக்க வந்தார். ஜூன் 3 அதிகாலை இங்கிருந்து புறப்பட்டு அதே ஜூன் 3 ரொறன்ரோவில் இறங்கினார். அவர் வெளியே இருந்த நாட்கள் மார்ச் 13 முதல் ஜூன் 2 வரை, மொத்தம் 82. கட்டுநாயக்க முத்திரைகளை மட்டும் பார்த்து எண்ணுகிறவர்கள் இங்கேதான் ஒன்றிரண்டு நாள் தவறுகிறார்கள். ரொறன்ரோ நேரம் நம்மைவிட ஒன்பதரை அல்லது பத்தரை மணித்தியாலம் பின்னால் இருக்கிறது. எப்போதும் கனேடியத் திகதியையே எழுதுங்கள்.

ஒரு கொப்பியில் நான்கு நிரல் போடுங்கள்: கனடாவிலிருந்து வெளியேறிய திகதி, திரும்பி இறங்கிய திகதி, போன நாடு, காரணம். சென்னைக்குக் கோயில் பயணம், லண்டனில் மச்சாளின் கல்யாணம், காரில் பஃபலோவுக்குப் போய்வந்த ஒரு நாள் என எல்லாம் வர வேண்டும். அதே நாளில் போய்வந்த பயணம் நாட்களைக் குறைக்காது, ஆனாலும் எழுதுங்கள். கனேடிய எல்லை அதிகாரிகளின் பதிவில் இருக்கும், ஆனால் உங்கள் பட்டியலில் இல்லாத பயணம், மறைத்த பயணமாகத்தான் தெரியும்.

நினைவு உதவாத இடங்களில் பழைய மின்னஞ்சலில் விமான டிக்கெட்டைத் தேடுங்கள். கனேடிய எல்லைச் சேவை முகவரகத்திடம் உங்கள் பயண வரலாற்றை இணையவழியில் இலவசமாகக் கேட்டுப் பெறலாம். சட்டப்படி 30 நாட்களில் பதில் தர வேண்டும், நீடிப்பும் கேட்பார்கள். எனவே முதல் வாரத்திலேயே போட்டுவிடுங்கள். 2020 நடுப்பகுதியிலிருந்து விமானத்தில் வெளியேறுவோரின் விவரமும் அங்கே பதிவாகிறது. உங்கள் கோப்பைப் பார்க்கும் அதிகாரியாலும் அதைப் பார்க்க முடியும். உத்தேசத் திகதி எழுதும் காலம் அதோடு போய்விட்டது.

5. 730 வராதவர்கள்

எண்ணி முடித்து 500 வருகிறது என்றால் கதை முடிந்துவிடவில்லை. சில நாட்களை வெளிநாட்டில் கழித்திருந்தாலும் கனேடிய நாட்களாக எண்ணலாம். கனேடியப் பிரஜையான கணவனுடனோ மனைவியுடனோ, விண்ணப்பிப்பவர் பிள்ளையென்றால் பிரஜையான பெற்றோருடனோ சேர்ந்து வெளிநாட்டில் வாழ்ந்த நாட்கள் அவற்றில் முக்கியமானவை. கனேடிய நிறுவனமோ அரசோ முழுநேர ஊழியராக வெளிநாட்டுக்கு அனுப்பிய நாட்களும் அப்படியே. கொழும்பில் போய்ப் பதிவு செய்துகொண்ட ஒரு கிளையில் வேலை பார்த்தேன் என்பது போதாது; கனடாவில் உள்ள நிறுவனம் உங்களை அனுப்பியது, வேலை முடிந்தபின் திரும்பவும் அங்கே இடமுண்டு என்பதைக் காட்டும் கடிதம் வேண்டும்.

பிரஜையான துணையோடு இருந்தவர்கள் மூன்றையும் காட்ட வேண்டும்: துணையின் கனேடியக் கடவுச்சீட்டு அல்லது பிரஜாவுரிமைச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், ஒரே வீட்டில் வாழ்ந்ததற்கான ஆதாரம். மூன்றாவதைத்தான் மறக்கிறார்கள். இருவர் பெயரிலும் உள்ள வாடகை ஒப்பந்தம், கூட்டு வங்கிக் கணக்கு, ஒரே முகவரிக்கு வந்த கட்டணப் பட்டியல்கள் உதவும்.

இதிலும் அடங்காதவர்களுக்கு மனிதாபிமானக் காரணங்கள் இருக்கின்றன. படுக்கையில் விழுந்த தாயைப் பராமரிக்க வேறு யாரும் இல்லை, உங்களுக்கே சத்திரசிகிச்சை நடந்தது, பிள்ளையின் நலன் பாதிக்கப்படும் என்பன போன்றவை. காரணத்தை உருக்கமாக எழுதினால் போதும் என்று நினைக்கிறார்கள். உருக்கம் கடிதத்தில் இருக்கட்டும், அதன் ஒவ்வொரு வரிக்கும் ஒரு தாள் வேண்டும்: வைத்தியசாலை நோய் விவர அட்டை, சிகிச்சை அளித்த வைத்தியரின் திகதியிட்ட கடிதம், இறப்பு நேர்ந்திருந்தால் இறப்புச் சான்றிதழ். சகோதரங்கள் ஏன் பார்த்துக்கொள்ள முடியவில்லை என்ற கேள்வி நிச்சயம் வரும். அதற்குப் பதிலை முதலிலேயே எழுதுங்கள். வெள்ளவத்தையில் நேர்ந்த பிறப்பு, திருமண, இறப்புகளின் சான்றிதழ்ப் பிரதிகளைத் திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகத்தில் பெறலாம்.

6. கனடாவில் நீங்கள் இருந்ததற்கான சான்றுகள்

கையில் ஒரு கட்டுத் தாளோடு வருகிறவர்களிடம் நான் கேட்கும் கேள்வி: இந்தத் தாள், கனடாவில் உங்கள் பெயர் இருந்ததைச் சொல்கிறதா, நீங்கள் இருந்ததைச் சொல்கிறதா? வீட்டு வரிப் பட்டியல் முதல் வகை. வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு யாழ்ப்பாணத்தில் இருந்தாலும் அது உங்கள் பெயருக்கு வரும். சம்பளப் பட்டியலும், வேலைக்கு வந்த நாட்களைக் குறிப்பிடும் தொழில் தருநரின் கடிதமும் இரண்டாவது வகை. கோப்பில் இரண்டாவது வகை மிகுந்திருக்க வேண்டும்.

வருமானவரி மதிப்பீட்டு அறிவித்தல் ஒவ்வொரு வருடத்துக்கும் வேண்டும். இருந்ததை அது தனியே நிரூபிக்காது, ஆனால் இல்லாவிட்டால் ஏன் இல்லை என்று கேட்பார்கள். கனேடிய வருமானவரி முகவரகத்தின் இணையக் கணக்கில் இதை எடுக்கலாம். கொழும்பில் இருப்பவர்களுக்கு இங்கே ஒரு தடை: உள்நுழையும் இரகசிய இலக்கம் உங்கள் கனேடியத் தொலைபேசிக்குப் போகிறது, அந்த சிம் எப்போதோ செயலிழந்துவிட்டது. இரகசிய இலக்கத்தைத் தொலைபேசியிலேயே உருவாக்கும் அங்கீகாரச் செயலியோ, முகவரகம் முன்கூட்டியே தரும் இலக்கக் கட்டப் பட்டியலோ ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் தப்பினார்கள். இல்லாதவர்கள் முகவரகத்துக்குத் தொலைபேசியில் பேசித்தான் தீர்க்க வேண்டும். இன்னும் கனடாவில் இருந்துகொண்டு இதை வாசிப்பவர்கள், பயணத்துக்கு முன் அந்த மாற்று வழியைப் பதிவு செய்துவிட்டு வாருங்கள்.

வங்கிக் கூற்றுகளில் மாத இறுதி நிலுவையை யாரும் பார்ப்பதில்லை. மார்க்கம் வீதிக் கடையில் மரக்கறி வாங்கியது, பெற்றோல் அடித்தது, பல் வைத்தியருக்குக் கட்டியது என்ற வரிகளில்தான் நீங்கள் தெரிகிறீர்கள். அந்த வரிகள் இல்லாமல் தானியங்கிக் கட்டணங்கள் மட்டுமே போன கூற்றைச் சேர்த்தால், நீங்கள் அங்கே இல்லை என்பதற்கு நீங்களே ஆதாரம் கொடுத்ததாகிவிடும்.

வேலை செய்யாதவர்கள், முக்கியமாகப் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்த பெற்றோர், “எங்களிடம் ஒன்றும் இல்லையே” என்பார்கள். இருக்கும். குடும்ப வைத்தியரின் வருகைப் பதிவு, மருந்தக அச்சுப்பிரதி, ஆங்கில வகுப்பு வரவுப் பதிவு, முதியோர் கொடுப்பனவுக் கடிதம், நூலக அட்டைக் கணக்கு, கோயில் அல்லது முதியோர் சங்க அங்கத்துவம். ஒன்ராறியோ வாசிகள் மாகாண மருத்துவக் காப்புறுதியில் தங்கள் பெயரில் கோரப்பட்ட சிகிச்சைகளின் பட்டியலைக் கேட்டுப் பெறலாம். வருவதற்குக் காலம் எடுக்கும், ஆனால் வைத்தியரிடம் நேரில் போன திகதிகள் அதில் இருக்கும்.

ஒரே இடத்திலிருந்து அறுபது தாள் எடுப்பதைவிட வெவ்வேறு இடங்களிலிருந்து ஆறு தாள் எடுப்பது நல்லது. கொப்பியில் போட்ட பட்டியலுக்கு எதிரே, கனடாவில் இருந்த ஒவ்வொரு காலப்பகுதிக்கும் எந்தத் தாள் சாட்சி என்று குறித்துக்கொண்டே போங்கள். சாட்சி இல்லாத மாதங்கள் கண்ணில் படும். தேட வேண்டியது அந்த மாதங்களுக்குத்தான்.

இலங்கையில் எந்த அலுவலகம் போனாலும் கிராம உத்தியோகத்தர் சான்றிதழ் கேட்டுப் பழகியதால், பலர் அதையும் வாங்கிக்கொண்டு வருகிறார்கள். நீங்கள் கொழும்பில் நிரந்தரமாக வசிக்கிறீர்கள் என்று முத்திரையிட்டுச் சொல்லும் தாள் அது. கனேடிய அதிகாரியிடம் அதைக் கொடுக்க வேண்டுமா என்று ஒரு தடவை யோசியுங்கள்.

7. அட்டை தொலைந்திருந்தால்

தொலைந்த இடத்துக்குரிய பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு பதிந்து, அதன் உறுதிப்படுத்திய பிரதியைக் கேட்டு வாங்குங்கள். முறைப்பாட்டு இலக்கம் எழுதிய துண்டுக் கடதாசியோடு திரும்பி வந்துவிடாதீர்கள். “கைப்பை தொலைந்தது” என்று மட்டும் பதிந்தால் பயனில்லை. கனேடிய நிரந்தர வதிவிட அட்டை என்று பெயர் சொல்லி, தெரிந்தால் இலக்கத்தோடு எழுதுவியுங்கள். பதிவு சிங்களத்தில் இருந்தால் கையெழுத்திடும் முன் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். தமிழில் முறையிடும் உரிமையும் உங்களுக்கு உண்டு.

கனேடியக் குடிவரவுத் திணைக்களத்துக்கும் இணையவழியில் அறிவித்துவிடுங்கள். கனடா திரும்பிப் புதிய அட்டை கேட்கும்போது ஐஎம்எம் 5451 என்ற உறுதியுரைப் படிவம் நிரப்ப வேண்டும். அதில் சொல்வதும் பொலிஸில் சொன்னதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதால் முறைப்பாட்டின் பிரதியொன்றைப் பத்திரமாக வைத்திருங்கள்.

8. பெயர்கள்

நம்மவர்களின் கோப்பில் அதிகம் சிக்குவது இதுதான். பிறப்புச் சான்றிதழில் ஒருவருக்கு ஒரு பெயர். தகப்பன் பெயர் வேறு கட்டத்தில். இலங்கைக் கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் குடும்பப் பெயராகிறது. கல்யாணத்துக்குப் பின் கணவன் பெயர் வந்து ஏறுகிறது. கனடாவில் இறங்கியபோது யாரோ ஒரு அதிகாரி முன்பின் மாற்றி எழுதிவிடுகிறார். ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஒரு ‘எச்’ வந்தும் போயும் விளையாடுகிறது.

எல்லா ஆவணங்களிலும் உள்ள பெயர்களை, ஒவ்வொரு எழுத்தாக, ஒரே தாளில் வரிசையாக எழுதிப் பாருங்கள். நிரந்தர வதிவிட உறுதிப்பத்திரத்துக்கும் இப்போதைய கடவுச்சீட்டுக்கும் இடையில் வித்தியாசம் இருந்தால் அதை விளக்க வேண்டும். திருமணத்தால் மாறியிருந்தால் திருமணச் சான்றிதழ் போதும். வெறும் எழுத்து வித்தியாசமென்றால், இரண்டு பெயருக்கும் உரியவர் ஒருவரே என்று சத்தியக்கடதாசி முடித்து, சமாதான நீதவான் அல்லது சத்தியப்பிரமாண ஆணையாளர் முன் ஒப்பமிடுங்கள். ஆங்கிலத்திலேயே முடியுங்கள், மொழிபெயர்க்கும் செலவு மிச்சம்.

படிவத்தில் எந்தப் பெயரை எழுதுவது? இப்போதைய கடவுச்சீட்டில் உள்ளபடி. மற்றவை “வேறு பெயர்கள்” என்ற கட்டத்துக்குப் போகும். அந்தக் கட்டத்தை வெறுமையாக விடுவது இங்கே நான் காணும் மிகச் சாதாரண பிழை.

9. மொழிபெயர்ப்பு

ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ இல்லாத ஒவ்வொரு தாளுக்கும் மொழிபெயர்ப்பு வேண்டும். சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரிடம் கொடுங்கள். அவரது முத்திரை, கையொப்பம், பதிவு விவரம் மூன்றும் தெளிவாக இருக்கட்டும். சட்டத்தரணியான சித்தப்பா செய்து தந்தாலும் ஏற்க மாட்டார்கள்: உறவினர் செய்த மொழிபெயர்ப்பு செல்லாது.

கொடுக்கும்போதே கடவுச்சீட்டின் பிரதியையும் சேர்த்துக் கொடுங்கள். இல்லாவிட்டால் அவர் தன் காதுக்குக் கேட்டபடி உங்கள் பெயரை ஆங்கிலத்தில் எழுதுவார், எட்டாம் பகுதியில் சொன்ன பட்டியலுக்கு இன்னொரு பெயர் சேரும்.

வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் ஆவணங்களுக்கு அத்தாட்சி வாங்க ஒரு நாளைச் செலவிடுகிறவர்கள் உண்டு. இந்த விண்ணப்பத்துக்கு, கேட்டால் ஒழிய, அது தேவையில்லை.

10. புகைப்படம்

கனேடிய அளவு 50க்கு 70 மில்லிமீற்றர். நாடியிலிருந்து உச்சந்தலை வரை முகம் 31 முதல் 36 மில்லிமீற்றர். காலி வீதி ஸ்டூடியோக்களில் “கனடா விசாவுக்கு” என்றால் பழக்கத்தில் 35க்கு 45 எடுத்துத் தருவார்கள். அளவை எழுதிக் காட்டுங்கள், வாங்கும்போது அடிமட்டம் வைத்து அளந்து பாருங்கள். முகத்தை வெளுப்பாக்கி மருக்களை அழிக்கும் அன்பான சேவையை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். திருத்திய படம் நிராகரிக்கப்படும். அச்சுப் படத்தின் பின்புறத்தில் ஸ்டூடியோவின் பெயர், முகவரி, எடுத்த திகதி வேண்டும். படம் ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும் என்பதால்தான் இதைப் பத்தாவதாக வைத்தேன்.

11. படிவமும் கட்டணமும்

பயணப் பத்திரத்துக்கு, அதற்குரிய விண்ணப்பப் படிவமும் ஐஎம்எம் 5627 என்ற சரிபார்ப்புப் பட்டியலும் வேண்டும். நண்பர் கணினியில் சேமித்து வைத்திருக்கும் பழைய பிரதியை வாங்காதீர்கள். திணைக்களத்தின் தளத்தில் இருந்து அன்றைய பதிப்பை எடுங்கள். இணையவழி நிரந்தர வதிவிடத் தளத்தின் ஊடாக விண்ணப்பிக்கலாம்.

கொப்பி தயாராக இருப்பதால் இனிப் படிவம் ஓர் எழுதுவினைஞர் வேலை. முகவரி வரலாற்றிலும் வேலை வரலாற்றிலும் மாத இடைவெளி விடாதீர்கள். வேலை இல்லாத காலத்துக்கு “வேலையில்லை” என்றோ “இல்லத்தரசி” என்றோ எழுதுங்கள். வெறும் கட்டம் முழுமையற்ற விண்ணப்பமாகத் திரும்பி வரும். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி விண்ணப்பம். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்குப் பெற்றோரின் கையொப்பம்.

கட்டணம் ஆளுக்கு 50 கனேடிய டொலர், இணையத்தில் அட்டை மூலம். இலங்கை வங்கி அட்டையென்றால் வெளிநாட்டுக் கொடுப்பனவு திறந்திருக்கிறதா என்று முதலில் வங்கியிடம் கேளுங்கள். ரசீதைச் சேமித்து கோப்போடு சேர்க்க வேண்டும். பணம் கட்டிவிட்டு ரசீதை இணைக்க மறந்து விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றவர்கள் இருக்கிறார்கள்.

காசு வாங்கிக்கொண்டு உங்களுக்காக விண்ணப்பிக்கும் ஒருவர், கனேடியச் சட்டத்தரணியாகவோ உரிமம் பெற்ற குடிவரவு ஆலோசகராகவோ இருக்க வேண்டும். ஐஎம்எம் 5476 படிவத்தில் அவர் பெயர் வர வேண்டும். “என் பெயர் போட வேண்டாம், நீங்களே செய்ததாக இருக்கட்டும்” என்று சொல்லும் முகவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

12. அடுக்கி ஒப்படைத்தல்

ஒரு பக்க முகவுரைக் கடிதம் எழுதுங்கள்: யார், எப்போது நிரந்தர வதிவாளரானீர்கள், ஐந்து வருடத்தில் எத்தனை நாள் கனடாவில், அட்டைக்கு என்ன ஆயிற்று, பின்வரும் ஆவணங்கள் எவை. பிரதிகளை வருட வாரியாக, கொப்பியின் ஒழுங்கிலேயே அடுக்கி இலக்கமிடுங்கள். தொலைபேசியில் சாய்வாக எடுத்த படங்களைத் தவிர்த்து, வெள்ளவத்தைக் கொமியூனிகேஷன் கடையொன்றில் ஸ்கேன் செய்து, ஆவணத்தின் பெயரையே கோப்பின் பெயராகச் சேமியுங்கள்.

அழைப்பு வந்த பிறகே கடவுச்சீட்டை விசா விண்ணப்ப நிலையத்தில் ஒப்படைக்கிறீர்கள். அதுவரை பணம் திருப்பித் தராத டிக்கெட் எதையும் வாங்காதீர்கள். மின்னஞ்சலின் குப்பைப் பெட்டியையும் தினமும் திறந்து பாருங்கள். மேலதிக ஆவணம் கேட்டு வரும் கடிதத்தில் காலக்கெடு இருக்கும்.

மறுப்பு வந்தால் 60 நாட்களுக்குள் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்கு மேன்முறையிடலாம். கடந்த 365 நாட்களில் ஒரு தடவையாவது கனடாவில் இருந்தவர், மேன்முறையீட்டைத் தாக்கல் செய்துவிட்டு, வழக்கு முடியும்வரை அங்கே போயிருக்கப் பயணப் பத்திரம் கேட்கவும் சட்டம் இடம் தருகிறது. மறுப்புக் கடிதம் வந்த திகதியை உறையோடு சேர்த்துப் பாதுகாத்து வையுங்கள்.

13. சிட்டை ஒட்டிய கடவுச்சீட்டு கைக்கு வந்ததும்

நிலையத்தை விட்டு வெளியே வரும் முன் பெயரின் எழுத்துக்கள், கடவுச்சீட்டு இலக்கம், முடிவுத் திகதி, எத்தனை தடவை நுழையலாம் என்பவற்றைப் பாருங்கள். அநேகமாக ஒரு தடவைக்கே தருவார்கள். கட்டுநாயக்கவில் பழைய அட்டையை நீட்டாமல் சிட்டை உள்ள பக்கத்தைத் திறந்து கொடுங்கள்.

போய் இறங்கிய கையோடு ஐஎம்எம் 5444 படிவத்தில் புதிய அட்டைக்கு விண்ணப்பியுங்கள். கட்டணம் அதே 50 டொலர். உங்கள் கோப்பு ஏற்கெனவே தயார். கடைசி வரியில் திரும்பிய திகதியைச் சேர்த்து நாட்களை மட்டும் மறுபடி கூட்டுங்கள். தபால் ஒழுங்காக வரும் முகவரியைக் கொடுங்கள். அட்டை கைக்கு வருவதற்குள் அம்மாவைப் பார்க்க மீண்டும் கொழும்புக்கு வந்துவிட்டால், பயன்படுத்திய சிட்டை திரும்ப உதவாது. இன்னொரு பயணப் பத்திரத்துக்கு, நகர்ந்துபோன இன்னொரு ஐந்து வருடத்தோடு, நான்காம் பகுதியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.